ஃபெலோஷிப் கிடைத்தது, பணம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் 31 வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கைடாக இருந்திருக்கிறேன், உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும் கமிட்டிகளில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய கடிதக் கட்டில் பாதி, பிஎச்.டி.யும் பணமும் பற்றியவை. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். ஊர் மட்டும் போடுகிறேன்.

அம்மா, எனக்கு வயது 27. எம்.ஏ. வரலாறு. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். இரண்டு மார்க்கில் போய்விட்டது. அரசுக் கல்லூரியில் முழுநேர பிஎச்.டி.க்குப் பதிந்திருக்கிறேன். அப்பா மண்டியில் சுமை தூக்குகிறார். “ஜே.ஆர்.எஃப். இல்லாவிட்டால் பணம் கிடையாதும்மா” என்கிறார் கைடு. அவ்வளவுதானா? என் சினாப்சிஸையும் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். – வாசகி, தேனி

உங்கள் கைடு நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அவர் சொன்னது பாதிதான் சரி.

முதலில், ஜே.ஆர்.எஃப். கதவு சாத்திவிடவில்லை. பொதுவாக வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு, ஆக 35 வரை எழுதலாம். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. பதிந்த பிறகு எழுதக் கூடாது என்று சட்டமில்லை. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். என்கிற மூத்த ஆய்வாளராக உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கன்டின்ஜென்சி என்று, ஆய்வின் இதர செலவுகளுக்கு, நம் துறைக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. இரண்டு மார்க்கில் விட்டவர் இன்னும் இரண்டு தடவையாவது உட்காரத்தான் வேண்டும். இதில் நான் கறார்.

நடுவில் வேறென்ன? தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் இதற்குத் தேர்வு நடத்தியது. 120 பேருக்கு, மாதம் 25,000. அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரமாகப் படிப்பவர்களுக்கென்றே வந்த திட்டம், அதாவது உங்களை மாதிரி ஆட்களுக்கு. அடுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும் விடாதீர்கள்.

டெல்லியில் ஐ.சி.எச்.ஆர். (இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம்) சரித்திரத்துக்கென்றே தனியாக ஒரு ஜே.ஆர்.எஃப். தருகிறது, மாதம் 17,600. முன்னால் சொன்ன யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஜே.ஆர்.எஃப். தொகையோடு பார்த்தால் பாதிகூட இல்லை. ஆனால் ஆவணக்காப்பகம் பக்கம் போகும் ஆளுக்கு அந்தப் பெயர் பிற்பாடும் உதவும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முனைவர் உதவித்தொகை மாதம் 20,000, இரண்டு வருடம். வருடத்துக்கு 20,000 கன்டின்ஜென்சி. சமூக அறிவியல் பக்கம் சாய்ந்த தலைப்பு என்றால் அதற்கும் போடலாம். உங்கள் தலைப்பு சாயும்.

குடும்பம் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடிப் பிரிவு என்றால், அல்லது கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் என்றால், மாநில அரசு முழுநேர ஆய்வாளருக்கு வருடம் 1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. சாதி எதுவென்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. பொருந்தினால் சான்றிதழை எடுத்து வையுங்கள். எத்தனையோ பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த ஒரு லட்சத்தை விட்டிருக்கிறார்கள். அது பிச்சையில்லை.

இன்னொன்று. மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால், திருவாரூரோ புதுச்சேரியோ ஹைதராபாதோ, நெட் இல்லாதவர்களுக்கே மாதம் 8,000 உண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாக யுஜிசி சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் யுஜிசி ஆபீஸ் வாசலிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அப்படிப் பிழைத்த 8,000 அது. இன்றும் அதே 8,000தான். மாநிலக் கல்லூரியில் பதிந்துவிட்ட உங்களுக்கு இது பயன்படாது. படிக்கும் மற்றவர்கள் பதிவதற்கு முன் யோசிக்கட்டும் என்று சொல்கிறேன். அறிவியல் பிள்ளைகளுக்குப் பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000இல் ஆரம்பிக்கிறது. சரித்திரக்காரர்களுக்கு அந்த யோகம் இல்லை.

இப்போது சினாப்சிஸ். கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வரி: “நீரின்று அமையாது உலகு என்றார் வள்ளுவர். நீர் மனித வாழ்வின் ஆதாரம்.” வள்ளுவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எந்தக் கமிட்டியிலும் அவர் யாருக்கும் பணம் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு மத்தியானத்தில் நாற்பது ஃபைல். மூன்று பேர். ஒருவர் மூன்றரை மணி ரயிலுக்குப் போக வேண்டும். பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது. அதில் பதினைந்து ஃபைலாவது குறளிலோ “ஆதிகாலம் தொட்டு”விலோ ஆரம்பிக்கும். அந்தப் பதினைந்தையும் நாங்கள் படிப்பதில்லை, புரட்டுகிறோம். உண்மை அதுதான்.

உங்கள் விஷயம் இரண்டாம் பக்கத்தில், நாலாவது பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. உங்கள் தாத்தா கூடலூர்ப் பக்கம் நீர்ப்பாய்ச்சியாக (வயல்களுக்கு மடை திறந்துவிடும் ஊர் ஆள்) இருந்தார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைப்பு “தேனி மாவட்ட நீர் மேலாண்மை – ஓர் வரலாற்றுப் பார்வை” என்று இருக்கிறது. (‘ஓர் பார்வை’ என்ற சொல்லை எல்லாத் தலைப்பிலிருந்தும் சட்டம் போட்டு எடுக்க வேண்டும். அதுவும் ‘வரலாற்று’க்கு முன்னால் ‘ஓர்’ வரவே வராது, ‘ஒரு’தான்.) அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு, மடை திறக்கும் அதிகாரம் ஊர் நீர்ப்பாய்ச்சியிடமே இருந்ததா, பொதுப்பணித் துறையின் மடைக் காவலரான லஸ்கரிடம் போனதா? எந்த ஊரில், எப்போது, என்ன சண்டை நடந்தது? இதை முதல் பத்தியில் வையுங்கள். அடுத்த பத்தியில், இதற்கு விடை எந்தக் காகிதத்தில் இருக்கும், அது எந்த ஊரில் இருக்கும் என்று எழுதுங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை நடவடிக்கைக் கட்டுகள்; மதுரையில் மாவட்டப் பதிவுகள்; கம்பத்திலும் சின்னமனூரிலும் வயசானவர்கள் வாய். கேள்வி, அதற்கான காகிதம், காகிதம் இருக்கும் இடம், மூன்றும் ஒரு பக்கத்தில் வந்துவிட்டால் மூன்றரை மணி ரயிலுக்குப் போகிறவர்கூட படித்துவிடுவார்.

பட்ஜெட்டில் “பயணம் மற்றும் இதர செலவுகள்: ரூ. 60,000” என்று ஒரே வரி. யார் கொடுப்பார்கள்? நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பேருந்துக் கட்டணத்தை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். தேனியிலிருந்து சென்னை போகவர 1,600, ஆறு தடவை என்றால் 9,600. எழும்பூருக்கு எட்டுகிற தூரத்தில் பெண்கள் விடுதி மாதம் 8,000, மூன்று மாதம் 24,000. நகல் எடுக்க 6,000. பள்ளத்தாக்கில் களப்பணி 30 நாள், நாளைக்கு 300, ஆக 9,000. மொத்தம் 48,600. நீங்கள் கேட்டதைவிடக் குறைவாகவே வருகிறது. மிச்சம் 11,400க்கு ஒலிப்பதிவுக் கருவியும், பதிந்ததை எழுத்தாக்கும் கூலியும் போடுங்கள். அறுபதாயிரம் அதே அறுபதாயிரம்தான். இப்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை இருக்கிறது.

எழும்பூருக்குப் போகுமுன் கைடிடமும் கல்லூரியிலும் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போய் வாசலோடு திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். தாத்தா பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஒரு ரூபாய் வரவில்லை. கல்லூரி ஆபீசில் கேட்டால் “மேலே போயிருக்கு” என்கிறார்கள். விடுதி பாக்கி 42,000. விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று இருக்கிறது. – வாசகர், திருநெல்வேலி

போகாதீர்கள். உங்கள் பணம் எங்கேயோ ஒரு கட்டத்தில் நிற்கிறது, எந்தக் கட்டம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. “மேலே” என்று ஓர் இடம் கிடையாது.

இப்போது யுஜிசி பணம் கனரா வங்கியின் உதவித்தொகைத் தளம் வழியாக வருகிறது. உங்கள் நிறுவனத்தில் ஒருவர் விவரத்தை ஏற்ற வேண்டும், அவர் மேக்கர். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும், அவர் செக்கர். சேர்ந்த அறிக்கையோடு இது முடிந்துவிடாது. நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று மாதாமாதம் உறுதி செய்ய வேண்டும். அந்த ஒரு சொடுக்கு விட்டுப்போனால் அந்த மாதம் அப்படியே நிற்கும். ஆகவே ஆபீசில் போய் “பணம் ஏன் வரலை சார்” என்று கேட்காதீர்கள். “மேக்கர் யார் சார், செக்கர் யார் சார், என்னுடையது எந்த ஸ்டேட்டஸில் நிற்கிறது, கொஞ்சம் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். மேக்கர் மாற்றலாகிப் போய், பாஸ்வேர்டு அவர் டைரியோடு போயிருக்கும். இப்படி ஒன்றல்ல, நாலைந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்து பெயர். என் கதையைச் சொல்கிறேன். 1987இல் பதிந்தேன். ஃபெலோஷிப் கிடைத்தது என்று கடிதம் வந்ததும் வீட்டில் பாயசம். பணம் வரவில்லை. ஆறு மாதம், எட்டு மாதம். அம்மா கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழற்ற முடிந்தது, அவ்வளவு வருடம் போட்டிருந்தாள். கீழ வாசலில் அடகு வைத்தோம். பதினான்காவது மாதம், பிரிவு ஆபீசில் பியூனாக இருந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாப்பா, உன் பேர்ல தகராறு” என்றார். அப்பா பெயர் இராமசாமி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் தமிழில் ‘இரா.’ டிகிரி சான்றிதழில் இங்கிலீஷில் ‘ஐ.’ விண்ணப்பத்தில் நானே எழுதியது ‘ஆர்.’ மூன்றும் ஒரே ஆளா என்று யாரோ பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேண்டும் என்று பதினான்கு மாதமாக யாருக்கும் தோன்றவில்லை. ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன், மூன்று வாரத்தில் அரியரோடு வந்தது. வளையல் திரும்பியது. அம்மா மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை; கை சுருங்கிப்போயிருந்தது.

இன்றும் இது ஓயவில்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். நெட் விண்ணப்பம், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் இன்றைக்கே மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், கல்லூரிக்கு எழுத்தில் ஒரு மனு. பதினைந்து நாள் பொறுத்து யுஜிசியின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார், மனு நகலோடு. வருத்தத்தை எழுதாமல் தேதிகளை எழுதுங்கள்: கடிதம் வந்த தேதி, சேர்ந்த தேதி, அறிக்கை கொடுத்த தேதி. விடுதி வார்டனிடம் விருது ஆணையின் நகலைக் கொடுத்துத் தவணை கேளுங்கள். வந்தால் மொத்தமாக வரும். அன்றைக்கு பைக் வாங்கிவிடாதீர்கள்.

இரண்டு வருடம் முடிகிறபோது வெளி நிபுணர் ஒருவரும் இருக்கும் மூவர் குழு கூடி உங்களை எஸ்.ஆர்.எஃப். ஆக்க வேண்டும். அது தானாக நடக்காது. மூன்று மாதம் முன்னாலேயே கைடை நச்சரிக்க ஆரம்பியுங்கள்.

நாற்பதாயிரம் கொடுத்தால் ஃபெலோஷிப் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சினாப்சிஸும் அவரே எழுதித் தருவாராம். நம்பலாமா? – வாசகர், சேலம்

அந்த நாற்பதாயிரம், தேனிப் பெண்ணின் மூன்று மாத விடுதிக்கும் ஆறு சென்னைப் பயணத்துக்கும் கொடுத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிற பணம். அவர் எழுதித் தரும் சினாப்சிஸ் குறளில்தான் ஆரம்பிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம்.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, அதுவும் 11 மாதம்தான். பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். கிடைத்தால் வேலையை விடலாமா? – வாசகர், வேலூர்

கணக்கைப் பாருங்கள். இப்போது வருடம் 2,75,000. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 12 மாதத்துக்கு 2,40,000, கன்டின்ஜென்சி சேர்த்தால் 2,60,000. அதுவும் இரண்டு வருடம். மூன்றாம் வருடம் வேலையும் இருக்காது, தொகையும் இருக்காது. அதோடு, அனுபவ வருடங்கள் எண்ணப்படும் காலம் இது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் விடமாட்டேன்.

ஜே.ஆர்.எஃப். என்றால் வேறு. முதல் இரண்டு வருடம் வருடத்துக்கு 4,44,000, எஸ்.ஆர்.எஃப். ஆனபின் அதற்கும் மேல், மொத்தம் ஐந்து வருடம். அதற்கு முழுநேரமாக மாற வேண்டும், இந்தச் சம்பளத்தையும் அந்தத் தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. உங்களை மாதிரி ஆட்களுக்குச் சின்னத் தொகைகள்தான் வழி. ஐ.சி.எச்.ஆரில் படிப்பு-பயண உதவி என்று ஒன்று உண்டு. உங்கள் ஆய்வு சரித்திரம் சார்ந்தது என்றால், மே மாதச் சம்பளமில்லாத நாட்களில் ஆவணக்காப்பகத்துக்குப் போய்வர அதைக் கேட்டுப் பாருங்கள்.

எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். பழைய அச்சுப் புத்தகங்களில் ஆர்வம். சிகாகோ போய் பிஎச்.டி. செய்ய ஆசை. வீட்டை விற்றாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. – வாசகி, காரைக்குடி

அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகம் பிஎச்.டி.க்கு எடுத்தால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதத் தொகையும் தரும். பதிலுக்கு நீங்கள் வகுப்பெடுக்க, பேப்பர் திருத்த உதவ வேண்டும். சேர்க்கைக் கடிதம் மட்டும் வந்து பணம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், பெரும்பாலும் போக வேண்டாம் என்று அர்த்தம். எம்.ஏ.வுக்கு அப்படியில்லை, அங்கே பணம் கட்டத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழி, இங்கேயே பதிந்துவிட்டு நடுவில் போய்வருவது. ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை, இந்தியாவில் பதிந்த மாணவரை ஆறிலிருந்து ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் குறுகிய கால ஆய்வுப் பயணத்துக்கு உதவுகிறது.

ஆனால் பழைய தமிழ் அச்சு என்றால் சிகாகோ எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களைத்தான் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை, சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. இன்று தரமணியில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. முதலில் அங்கே ஒரு மாதம் உட்காருங்கள். எந்தப் புத்தகம் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிந்த பிறகு சிகாகோவுக்கு எழுதினால், அந்தக் கடிதமே வேறு மாதிரி இருக்கும்.

ஜே.ஆர்.எஃப். இரண்டாம் வருடம். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன். “ஃபெலோஷிப்பை ஒப்படைச்சுட்டு குழந்தையைப் பாரும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார் கைடு. – வாசகி, ஈரோடு

ஒப்படைத்தால் ‘அப்புறம்’ கிடையாது. ஒப்படைக்காதீர்கள். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு, ஆய்வுக் காலத்தில் ஒரு முறை. முடிக்கும் கால வரம்பிலும் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் தரலாம். கைடிடம் வாதம் செய்ய வேண்டாம். அவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம், என் காலத்தில் எங்களுக்கும் தெரியாது. விதிமுறையின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மருத்துவர் சான்றோடு விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கைடு வழியாக முதல்வருக்குக் கொடுங்கள். விடுப்புக் காலத்துக்குத் தொகை எப்படி என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒரு நகலில் தபால் பிரிவில் தேதியோடு சீல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.